ரெக்ஸ்: கடைசி ரீலை மட்டும் பார்த்தவன் எழுதும் மதிப்புரை

"ரெக்ஸ்கேஎல் போயிருக்கிறீர்களா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். "நூறு தடவைக்கு மேல் போயிருக்கிறேன், வாசல் வரைக்கும்" என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டாள். வேடிக்கை இல்லை. கோலாலம்பூர் ஜாலான் சுல்தானில் இருக்கும் அந்தப் பழைய சினிமாக் கொட்டகையின் வாசலில்தான் என் அப்பா கச்சாங் பூத்தே என்ற கடலை, பட்டாணி நொறுக்குத்தீனி விற்றார். ஏழு வயதிலிருந்து நான் அவருக்குக் கையாள்.

அந்தக் கொட்டகை இப்போது கொட்டகை இல்லை. 2019 முதல் அது கடைகளும் சாப்பாட்டுக் கூடமும் கண்காட்சிகளும் கச்சேரிகளும் நடக்கும் இடமாக, ரெக்ஸ்கேஎல் என்ற பெயரில் நடக்கிறது. 2021-இல் அதற்குள் புக்எக்செஸ் புத்தகக் கடையும் வந்தது. ஊரே போய்ப் படம் பிடித்துப் போட்டு முடித்த பிறகு, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பேத்தியின் தயவில் நானும் போய்வந்தேன். இடம் எப்படி என்று மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய இடத்தைச் சொல்லாமல் புதிய இடத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் வழி. காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சனி, ஞாயிறுகளில் அந்தப் பக்கம் கார் நிறுத்த இடம் தேடுவது வேண்டுதல் கணக்கில்தான் சேரும். பாசார் செனி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். நாங்கள் கொஞ்சம் சுற்றி, ஜாலான் துன் எச். எஸ். லீயில் இருக்கும் மகாமாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டுப் போனோம். 1873-இல் எழுந்த கோவில் அது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது அங்கிருந்துதான். அப்பா சனிக்கிழமை வியாபாரத்துக்கு முன் சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் தெருவிலிருந்தே கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். உள்ளே போய் வருவதற்குள் சைக்கிளில் இருக்கும் கடலை பாதியாகிவிடும் என்பது அவர் கவலை. கோவிலிலிருந்து பெட்டாலிங் ஸ்திரீட்டைக் குறுக்கே கடந்தால் ஜாலான் சுல்தான். இப்போது எந்தத் திருப்பத்தில் நிமிர்ந்தாலும் 118 மாடி மெர்டேக்கா கோபுரம் தலைக்கு மேல் நிற்கிறது. அந்தக் காலத்தில் அங்கே நிமிர்ந்து பார்க்கும்படி இருந்தது ரெக்ஸின் விளம்பரப் பலகை ஒன்றுதான்.

அதே வட்டாரத்தில் மதராஸ் லேன் என்று ஒரு சந்து இருக்கிறது. சீனர்களின் கறி லக்சா நூடுல்ஸும் யோங் தாவ் ஃபூ என்ற தோஃபு உணவும் சாப்பிடக் கூட்டம் அலைமோதும் சந்து. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அங்கே வரிசையில் நிற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. மதராஸ் தியேட்டர் என்று ஒரு கொட்டகை அங்கே இருந்தது. அது தீயில் போனது, பெயர் மட்டும் நூடுல்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்படியென்றால் அது நம்முடைய லக்சா" என்று உரிமை கொண்டாடினாள்.

இனி வாசல். கச்சாங் பூத்தே என்றால் வெறும் கடலை இல்லை. அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் மரப்பெட்டி, பெட்டிக்கு மேல் கண்ணாடித் தடுப்புப் போட்ட தட்டு, தட்டில் எட்டு அறை: வறுத்த நிலக்கடலை, அவித்த கொண்டைக்கடலை, பச்சைப் பட்டாணி, கடலைப் பருப்பு, முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, சர்க்கரைப் பூச்சுக் கடலை. அம்மா விடியற்காலையில் செந்தூல் வீட்டில் பொரித்து வைப்பார். பொட்டலம் மடிப்பது என் வேலை. பழைய தொலைபேசிப் புத்தகத்தின் தாள்தான் அதற்குச் சரி. செய்தித்தாள் எண்ணெயை உறிஞ்சி மை கக்கும், பள்ளி நோட்டுத் தாள் வழுக்கும். பத்துக் காசுப் பொட்டலத்துக்கு அரைத் தாள், இருபது காசுக்கு முழுத் தாள். மூன்று விரலைச் சுற்றித் தாளை உருட்டி, முனையை ஒரு மடிப்பு மடித்து, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு பட்டாணியை உள்ளே போட வேண்டும். அது உருண்டுபோய் முனை ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஓமப்பொடி போட்டாலும் ஒரு தூள் கீழே சிந்தாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க அப்பா ஒரு வார்த்தையும் செலவழிக்கவில்லை. நான் மடித்த பொட்டலத்தை என் வெள்ளைச் சட்டைக்கு மேலே பிடித்து ஓமப்பொடியைக் கொட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

மாலை ஏழு மணிக் காட்சிக்குக் கூட்டம் உள்ளே போனபின் வாசல் வெறிச்சோடிவிடும். அடுத்த கூட்டம் ஒன்பதே கால் காட்சிக்கு. இடையில் வேலை இல்லை. கதவுப் பக்கம் தலைப்பாகை கட்டிய பஞ்சாபி ஜாகா, அதாவது காவலாளி, ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பாய் என்றே அழைப்பார்கள். தினம் ஒரு பொட்டலம் கொண்டைக்கடலை அவருக்குப் போகும், காசு கிடையாது. அதற்குக் கைம்மாறாக, படம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர் என்னைப் பார்த்துத் தாடியை ஒரு பக்கமாக அசைப்பார். நான் திரைச்சீலையை விலக்கி உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி நிற்பேன்.

இப்படித்தான் நான் ரெக்ஸில் படம் பார்த்தேன். எல்லாப் படங்களும் கடைசி இருபது நிமிடம். அங்கே ஓடியவை பெரும்பாலும் ஆங்கிலப் படமும் சீனப் படமும். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று எனக்குத் தெரியாது. ஓடுகிறவன் யார், துரத்துகிறவன் யார் என்பதை வைத்து முடிவுசெய்துகொள்வேன். பலமுறை தப்பாகப் போகும். நான் நல்லவன் என்று நினைத்துக் கைதட்டியவன் குண்டடி பட்டு விழும்போது அரங்கமே மகிழ்ச்சியில் ஆரவாரம் செய்யும். பள்ளியில் என் பிழைப்பு வேறு மாதிரி. எந்தப் படம் எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியும் என்பது வகுப்பு முழுக்கத் தெரியும். சனிக்கிழமை படம் பார்க்கப் போகிற பையன்கள் வெள்ளிக்கிழமை என்னிடம் ஐந்து காசு கொடுத்துவிட்டுப் போவார்கள், முடிவைச் சொல்லாமல் இருப்பதற்கு.

அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் காலப் படச்சுருள் பெரிய ரீல் ஒன்று 2,000 அடி. நொடிக்கு 24 படச்சட்டம் வீதம் ஓடினால் ஏறத்தாழ 22 நிமிடம். படம் ஓடும் அறையில் இரண்டு இயந்திரம் இருக்கும். ஒன்றில் ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பொட்டு கண் சிமிட்டும். அது அடுத்த இயந்திரத்தை ஓடவிடச் சொல்லும் சைகை. சில நொடி கழித்து இரண்டாவது பொட்டு வந்ததும் ஒளியை இங்கிருந்து அங்கே மாற்றுவார்கள். பார்ப்பவர்களுக்குத் தையல் தெரியாது. ஜாகா கதவுக்கு உட்புறம் எட்டிப் பார்த்து அந்தப் பொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. கடைசி ரீல் ஏறியதும் என்னைக் கூப்பிடுவார். அதற்கு முன்னால் விட்டால் முதலாளிக்குத் துரோகம், அதற்குப் பிறகு விட்டால் கொண்டைக்கடலைக்குத் துரோகம் என்று ஒரு நியாயம் வைத்திருந்தார் போலும்.

ரெக்ஸ் 1947-இல் வந்தது. 1972-இல் எரிந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. செய்தி கேட்டதும் அப்பா வழக்கம்போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எரிந்த இடத்தைப் பார்க்கக் கூடியிருந்த கூட்டத்துக்குக் கடலை விற்றுவிட்டுத் திரும்பி வந்தார். அம்மா அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்பா சொன்ன பதில் நினைவிருக்கிறது: "கூட்டம் கேட்டது, கொடுத்தேன்."

அதற்குப் பிறகு நான்கு ஆண்டு நாடோடி வியாபாரம். கச்சாங் பூத்தே விற்பவர்களுக்குள் எழுதாத பட்டா ஒன்று இருந்தது. ஒவ்வொரு கொட்டகை வாசலும் ஒருவருடையது. பத்து ரோட்டில், அதாவது இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், கொலிசியம் வாசலுக்குப் போக முடியாது. அங்கே தமிழ்ப்படம், அங்கே கூட்டம், அதனாலேயே அங்கே இடம் கிடையாது. கொலிசியம் 1920-இல் எழுந்தது. சைக்கிள் அண்டு கேரியேஜ் நிறுவனத்தைத் தொடங்கிய சுவா செங் போக் கட்டியது. பக்கத்தில் கொலிசியம் கஃபே 1921-இலிருந்து. அந்த வாசல்காரர் நல்ல மனிதர், தீபாவளிக்கு மட்டும் அப்பாவைச் சேர்த்துக்கொள்வார். தீபாவளியன்று இரண்டு சைக்கிளும் சேர்ந்து கொடுத்தாலும் கூட்டத்துக்குப் போதாது. மற்ற நாளில் அப்பா நின்றது ஓடியன் பக்கம், கேம்பல் ரோட்டு முனையில். இப்போது அது ஜாலான் டாங் வாங்கி. 1936-இல் கட்டிய ஓடியனை 2015-இல் இடித்துவிட்டார்கள். அதற்கு நான் அழவில்லை. நான்கு ஆண்டும் அந்த முனையில் மழைக்கு ஒதுங்க இடம் தேடி அலைந்தது மட்டும்தான் எனக்கு நினைவு. ஆனால் 2006-இல் கொலிசியத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற பேச்சு வந்தபோது என் வயதுக்காரர்கள் பலர் கொதித்தார்கள், நானும் கொதித்தேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால், "அந்த வாசல் இப்போது யார் பேரில் இருக்கிறது?" என்றுதான் கேட்டிருப்பார்.

1976-இல் ரெக்ஸ் மறுபடி எழுந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்று ரெக்ஸ்கேஎல் போய்ச் சுவரைத் தொட்டு "1947, 1947" என்று உருகுகிறவர்களைப் பார்த்தேன். நீங்கள் தொடுவது இரண்டாவது ரெக்ஸ். நான் சுவரோடு ஒட்டி நின்ற ரெக்ஸ் சாம்பலாகி ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. எனக்கே அது உள்ளே போய்ப் படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டையோடு போனவன், எந்தச் சுவரைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் நின்றேன்.

அப்பா தன் பழைய இடத்துக்கே திரும்பினார். ஜாகா திரும்பவில்லை. நான் 1978-இல் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் ரெக்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன், ஏழு மணிக் காட்சிக்கு, நாற்காலி எண் போட்ட டிக்கெட். விளக்கு அணைவதையும் விளம்பரம் ஓடுவதையும் பெயர்கள் வருவதையும் அன்றுதான் பார்த்தேன். படத்தில் நல்லவனை நல்லவன் என்றே அறிமுகம் செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி. மூலையில் பொட்டு ஒவ்வொன்றாக வந்து போயிற்று. எட்டேமுக்கால் ஆனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே ஒன்பதே கால் கூட்டம் சேர ஆரம்பித்திருக்கும், அப்பா ஒற்றையாளாகப் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பார். எழுந்து வந்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்து, "முடிந்துவிட்டதா?" என்றார். "முடிந்துவிட்டது" என்றேன். அதற்குப் பிறகும் பல படத்துக்கு அப்படித்தான் போனேன். சும்மா பார்த்த காலத்தில் முடிவு, காசு கொடுத்துப் பார்த்த காலத்தில் தொடக்கம். இரண்டையும் சேர்த்து ஒட்டினால் ஒரு முழுப்படம் தேறும், ஆனால் இரண்டும் வேறு வேறு படம்.

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்தது. தமிழ்ப் படக் கேசட் வாடகைக்குக் கிடைத்தது. செந்தூலில் ஒரு வீட்டில் கேசட் போட்டால் வரிசையில் பத்து வீடும் அங்கே இருக்கும். அப்பா 1986-இல் சைக்கிளை விற்றார், முழங்கால் காரணம் என்று சொல்லிக்கொண்டார். தொண்ணூறுகளில் பேரங்காடிகளுக்குள் பல திரை அரங்குகள் வந்தன. குளிர்சாதனம், கார் நிறுத்துமிடம், கழிப்பறை எல்லாம் ஒரே கூரையின் கீழ். பிறகு திருட்டு விசிடி. இதில் ஒரு கொடுமை: நாட்டிலேயே திருட்டு விசிடிக்குப் பேர்போன தெரு பெட்டாலிங் ஸ்திரீட். ரெக்ஸ் வாசலிலிருந்து நாலு எட்டு நடந்தால், உள்ளே ஓடும் படத்தையே வட்டில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நானும் வாங்கியிருக்கிறேன். 2002-இல் ரெக்ஸ் மூடியது. அதன்பின் முதுகுப்பை சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதியானது. 2007-இல் அங்கேயும் தீ. இரண்டு தீக்குத் தப்பிய கட்டடம் என்று சிலர் எழுதுகிறார்கள். முதல் தீக்கு அது தப்பவில்லை. மேலே சொல்லிவிட்டேன்.

இப்போது மதிப்புரை.

நுழைவு இலவசம். வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் இல்லாதது எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம். யாராவது தாடியை அசைப்பார்களா என்று நின்றுவிட்டேன், பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள். கீழ்த்தளம் சாப்பாடும் சின்னச் சின்னக் கடைகளும். சனிக்கிழமை பிற்பகல் நல்ல கூட்டம், ஆனால் சந்தைக் கூச்சல் இல்லை. சுவருக்குப் பூச்சு மெழுகி மறைக்கவில்லை. சிமெண்டு சிமெண்டாகவே இருக்கிறது. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறேன் என்று பொம்மை வீடு மாதிரி ஆக்கிவிடுகிறவர்களைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இது பிடித்தது. இங்கே ஒரு கொட்டகை இருந்தது என்று யாரும் நடித்துக் காட்டவில்லை. பழைய சினிமா விளம்பரத்தை அச்சடித்து மாட்டி, சிவப்பு வெல்வெட் தொங்கவிட்டு, நம் கண்ணில் நீர் வரவழைக்கும் வேலை குறைவு.

கோப்பி குடித்தோம். கடையின் பெயர் வேண்டாம். ஒரு கோப்பை பதினான்கு வெள்ளி, அதாவது ரிங்கிட். கோப்பி நன்றாகத்தான் இருந்தது. பதினான்கு வெள்ளிக்கு அப்பாவிடம் நூற்று நாற்பது பொட்டலம் வாங்கலாம் என்று நான் கணக்குச் சொன்னதும், "தாத்தா, அது 1970" என்றாள் பேத்தி. உண்மைதான், ஆனாலும் கணக்குக் கணக்குதான்.

மாடிப்படி ஏறுவது எனக்குப் பாடு. நான்கு முறை நின்று ஏறினேன். அது கட்டடத்தின் குற்றம் இல்லை, குடும்ப முழங்கால். மேலே புத்தகக் கடை. படம் ஓடிய கூடத்துக்குள்ளேயே மர அலமாரிகளைச் சுவர்போல நிறுத்திச் சந்து சந்தாக வழி விட்டிருக்கிறார்கள். திரும்பிய பக்கமெல்லாம் புத்தகம், நாலு திருப்பத்தில் திசை போய்விடுகிறது. புக்எக்செஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வெளிநாட்டுப் பதிப்பகங்களில் மிஞ்சிய புத்தகங்களை வாங்கி மலிவாக விற்கிறவர்கள். 2009-இல் தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் புத்தகச் சந்தையும் அவர்களுடையதே. பொதுவாகக் கடை விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். சமையல், கட்டடக்கலை, சிறுவர் படப்புத்தகம் என்று கனமான புத்தகங்களைப் புரட்ட விரும்புகிறவர்கள் அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போகலாம்.

நடக்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. புத்தகம் பார்ப்பதற்காக நின்றால் நிற்கிறேன், நடந்தால் கால் தானாக ஒரு பக்கமாக இழுக்கிறது. பிறகுதான் புரிந்தது. தரை படிப்படியாக இறங்குகிறது. பின்வரிசைக்காரனுக்கு முன்வரிசைத் தலை மறைக்காமல் இருப்பதற்காகப் போட்ட ஏற்ற இறக்கம். நாற்காலி போனாலும் அது போகவில்லை. அலமாரிகளை அதன் மேலேயே வைத்திருக்கிறார்கள். எந்தச் சந்துக்குள் புகுந்தாலும் உடம்பு திரை இருந்த திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. இதை யோசித்துச் செய்தவருக்கு என் வணக்கம். நிரவித் தட்டையாக்கியிருந்தால் அது இன்னொரு கடை, அவ்வளவுதான்.

நான் மேலிருந்து கீழாக, அதாவது வாசல் பக்கத்திலிருந்து திரைப் பக்கமாக, மெதுவாக நடந்து பார்த்தேன். சின்ன வயதில் எனக்கு அனுமதி சுவர் ஓரம் மட்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு நாற்காலி எண் மட்டும். நடுவே குறுக்கும் நெடுக்குமாக, விளக்கு வெளிச்சத்தில், யார் காலையும் மிதிக்காமல் நடப்பது இதுதான் முதல் தடவை. பிள்ளைகள் படிகளில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் படிக்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் ஆட்டத்தில் தூங்குகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமென்றால், பேத்தி என்னை இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பேரங்காடிப் பல்திரை அரங்குக்கு அழைத்துப் போனாள். தமிழ்ப் படம்தான், முதல் வாரம். எந்த அரங்கு என்று எழுதவில்லை, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. டிக்கெட் அவள் கைப்பேசியில் ஒரு சதுரம். வாசலில் இருந்த இளைஞர் என் சட்டைப்பையைப் பார்த்து, "வெளி உணவு கூடாது" என்றார். பையில் இருந்தது ஒரு சின்ன நெகிழிப் பொட்டலம் கச்சாங் பூத்தே, ஈப்போ பூந்தோங்கிலிருந்து சம்பந்தி கொண்டுவந்து கொடுத்தது. அந்த ஊரில் தமிழர்கள் கச்சாங் பூத்தே தொழிலாலேயே ஒரு கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் பெயர் வாங்கியவர்கள். அதைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். உள்ளே டிக்கெட்டைவிட விலை கூடிய சோளப்பொரி விற்கிறார்கள். நான் வாழ்நாளில் சினிமாக் கொட்டகை வாசலில் கடலையோடு உள்ளே போகக் கூடாது என்று கேட்டது அதுவே முதல்முறை. எங்கள் குடும்பமே அதில்தான் சாப்பிட்டது ஐயா என்று சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அந்தப் பையனுக்கு என் பேரன் வயது, அவன் சம்பளமும் அங்கேதான். வைத்துவிட்டுப் போனேன். படம் முடிந்து வரும்போது பொட்டலத்தைக் காணோம்.

ரெக்ஸ்கேஎல்லில் என் பையை யாரும் பார்க்கவில்லை. புத்தகக் கடைக்குள் அதைத் தின்னக் கூடாது என்பது எனக்கே தெரியும். எண்ணெய் விரல். கீழே வந்து, வாசல் தூண் பக்கத்தில் நின்று தின்றேன்.

நட்சத்திரம் கேட்பார்கள் என்று பேத்தி சொன்னாள். ஐந்துக்கு நான்கரை. அரை நட்சத்திரம் என் முழங்காலுக்குக் குறைத்தது. குழந்தைகளை அழைத்துப் போங்கள், தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் போங்கள். பழைய ரெக்ஸைத் தேடிப் போகிற என் வயதுக்காரர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1972-க்கு முன் பார்த்தவர்கள் அங்கே தேடாதீர்கள். 76-க்குப் பிறகு பார்த்தவர்கள் தரையைப் பாருங்கள், சுவரைப் பார்க்காதீர்கள்.

பேத்தி ஒரு துப்பறியும் நாவல் எடுத்தாள், நான் பணம் கொடுத்தேன். ரயிலில் அதை வாங்கி வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். யார் கொன்றது என்று பதினைந்து பக்கத்தில் தெரிந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிவிடாதீர்கள் தாத்தா" என்றாள். கையை நீட்டினேன். கைப்பையைத் துழாவி ஐந்து காசு கிடைக்காமல், இருபது காசு வைத்தாள்.